பழைய பனியனை எட்சிங்கில் போட என்ன இருக்கு?

3 ஜூன் 2024 (ஒரு வாசகர் கேட்டது)

நீங்கள் போட்ட மூன்று அச்சுப் படங்களையும் பார்த்தேன். ஒரு பழைய பனியன், ஒரு தூக்குப்போசி (தூக்குவாளி), ஒரு சீமாறு. வேலை சுத்தமாக இருக்கிறது, அதில் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கணும். போனில் எடுத்தால் இரண்டு நொடியில் முடிகிற விஷயத்துக்குச் செப்புத்தகடு, மெழுகு, ஆசிட், உருளை மிஷின் என்று இவ்வளவு பாடு எதற்கு? நம்ம பக்கம் வரைய வேறு ஒன்றும் இல்லையா? காங்கேயம் காளை இருக்கிறது, பேரூர்க் கோயில் தூண் இருக்கிறது, பவானி கூடுதுறை இருக்கிறது. நைந்துபோன பனியனை யாருங்க சுவரில் மாட்டுவாங்க?

4 ஜூன்

பனியனிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்தப் படத்தை நான் வரையவில்லை. அதில் என் கைக்கோடு ஒன்றுகூடக் கிடையாது. பனியனே தகட்டில் படுத்து எழுந்த தடம் அது.

எட்சிங் என்றால் தகட்டை அரித்துப் பள்ளமாக்கி, அதில் மை நிறைத்துத் தாளில் அச்செடுப்பது. பனியனுக்குச் செய்முறை இப்படி. தேன்மெழுகு, நிலக்கீல், பிசின் மூன்றையும் உருக்கி, அதோடு வாசலின் கலந்து, சூடான செப்புத்தகட்டில் உருளையால் மெல்லிசாகத் தடவணும். வாசலின் சேர்ந்ததால் ஆறினாலும் அது இறுகாது, விரல் பட்டால் ரேகை பதிந்துவிடும். அதன்மேல் துணியை விரித்து, தாள் ஒன்றை மூடி, கம்பளம் போட்டு, உருளைக்கடியில் ஒரு தரம் ஓட்டினால் நூல் பட்ட இடத்து மெழுகெல்லாம் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அங்கே செம்பு தெரியும். ஆசிட் அந்த இடத்தை மட்டும் தின்னும். அப்புறம் பள்ளத்தில் மை நிறைத்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளில் அழுத்தினால் நூல் நூலாக எழுந்து நிற்கும்.

அது அப்பாவின் பனியன். அப்பா திருப்பூரில் ஒரு நூல் குடோனில் மூட்டை இறக்கினவர். எப்போதும் இடது தோளில்தான் வாங்குவார். அவர் போன பிறகு பெட்டியில் கிடந்தது அது ஒன்றுதான். கையில் எடுத்து விரித்தால் வெறும் வெள்ளை, கழுத்து கொஞ்சம் தொய்ந்திருக்கும், அவ்வளவுதான் தெரியும். அச்சில் பாருங்கள். வலது தோளில் கண்ணிகள் சின்னச் சின்னச் சடை பின்னினாற்போல வரிசை பிசகாமல் இறங்குகின்றன. இடது தோளில் அந்தச் சடைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நடுவில் இடைவெளி விழுந்து, இரண்டு இடத்தில் நூல் ஒற்றை மயிரிழையாக நிற்கிறது. மூட்டை உட்கார்ந்த இடம் அது.

போனிலும் எடுத்துப் பார்த்தேன். வெள்ளைமேல் வெள்ளை, ஒன்றும் பிடிபடவில்லை. நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான்.

4 ஜூன், இரவு

மேலே ஆசிட் என்று எழுதினது பழக்க தோஷம். செம்புக்கு நான் போடுவது பெர்ரிக் குளோரைடு. சர்க்யூட் போர்டு செய்கிறவர்கள் வாங்குவார்களே, கோயம்புத்தூர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்குமே, அந்தப் பழுப்புக் கரைசல். நைட்ரிக் ஆசிட் துத்தநாகத் தகட்டுக்கு. அதில் புகை வரும், குமிழ் வரும், குமிழைக் கோழி இறகால் தள்ளிக்கொண்டே இருக்கணும். வீட்டில் யாரும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

7 ஜூன்

காளை விஷயம். காளையை வரைய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காளைக்கு ஆள் இருக்கிறது. காலண்டரில் இருக்கிறது, லாரிப் பின்னால் இருக்கிறது. சீமாற்றுக்கு யார் இருக்கிறார்கள்?

உடுப்பைத் தனியாக வைத்துப் பார்ப்பது எனக்கு முதலில் தோன்றின எண்ணமும் இல்லை. வென்செஸ்லாஸ் ஹாலர் என்று ஒருவர், 1607இல் பிராக் நகரத்தில் பிறந்தவர், லண்டனிலும் ஆன்ட்வெர்ப்பிலும் இருந்து வேலை பார்த்தவர். 1640இல் இங்கிலாந்துப் பெண்கள் உடுத்துவதை 26 தகட்டில் போட்டார். அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய மஃப் படங்கள். மஃப் என்றால் குளிருக்கு இரண்டு கையையும் இரண்டு பக்கமும் நுழைத்துக்கொள்ளும் மென்மயிர் உறை. 1640களில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார். 1647இல் போட்ட ஒன்றில் பெண்கள் கழற்றி வைத்த சாமான்கள் எல்லாம் மேசையில் கிடக்கின்றன, உடுத்தின ஆள் மட்டும் இல்லை. வெறும் ஊசிக்கோடுதான். ஆனால் அந்த மயிர் எந்தப் பக்கம் நீவினால் படியும், எந்தப் பக்கம் நீவினால் சிலிர்க்கும் என்று கண்ணாலேயே தெரியும்.

சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி பட்டறையில் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு புத்தகத்தில் இதைப் பார்த்துவிட்டு அரை நாள் நகரவில்லை. நான் வளர்ந்த ஊர் உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிறது. அம்மா பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது தையல்காரருக்குக் கை உதவியாகச் சேர்ந்து, அப்புறம் செக்கிங்குக்கு, தைத்ததில் குறை பார்க்கிற வேலைக்குப் போனவர். பவர்டேபிள், ஓவர்லாக், பேட்லாக் என்று மிஷின் பெயர்களைத் தாலாட்டு மாதிரிக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனாலும் ஒரு துணியை எடுத்து வைத்துக்கொண்டு, விலைக்காகவும் இல்லாமல் குறை கண்டுபிடிக்கவும் இல்லாமல் சும்மா பார்த்தது அன்றைக்குத்தான்.

9 ஜூன்

ஈரோட்டு அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார்: எட்சிங் என்றால் இடவலம் மாறுமே, அப்படியென்றால் உங்கள் அப்பா மூட்டை தூக்கினது வலது தோளா?

நல்ல கேள்வி. இரண்டு நாள் இதையே யோசித்தேன்.

பனியனில் மாறவில்லை. துணியின் முன்பக்கம் தகட்டில் குப்புறப் படுக்கிறது. அதனால் தகட்டில் விழும் தடம் ஒரு முறை மாறியது. அச்சில் இன்னொரு முறை மாறுகிறது. இரண்டு மாற்றம் சேர்ந்தால் பழையபடி நேர். ரப்பர் ஸ்டாம்பை யோசித்துப் பாருங்கள், அதே கணக்குதான். ஆக அப்பாவின் இடது தோள் இடது தோளாகவே இருக்கிறது.

ஆனால் சீமாறு, மெழுகு பூசின தகட்டில் நான் ஊசியால் கீறி வரைந்தது. பார்த்தபடியே தகட்டில் வரைந்தேன். அதனால் அது அச்சில் திரும்பிவிட்டது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுத் தென்னங்குச்சிச் சீமாறு அது. வருஷக்கணக்கில் ஒரே கையால், ஒரே சாய்வில் வாசல் கூட்டினதால் குச்சிகள் ஒரு பக்கம் குட்டையாகவும் ஒரு பக்கம் நீளமாகவும் தேய்ந்திருக்கும். அச்சில் அந்தச் சாய்வு எதிர்ப்பக்கம் விழுந்திருக்கிறது. அதாவது என் படத்தில் அமுச்சி இடதுகைக்காரி. அவர் அப்படி இல்லை.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650இல் ஒரு கூம்புச் சங்கை எட்சிங்கில் போட்டார். அவருக்கும் இதுவே நடந்தது. கையெழுத்தை மட்டும் திருப்பிப் போட்டதால் பெயர் நேராக வருகிறது, சங்கின் சுழி மட்டும் நிஜத்தில் இருப்பதற்கு எதிராகச் சுற்றுகிறது. வலம்புரிக்கும் இடம்புரிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நம்ம ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ரெம்பிராண்டுக்கே பரவாயில்லை என்று இருந்தது, எனக்கென்ன என்று விட்டுவிடலாம்தான். விட மனசு வரவில்லை. யார் கையில் தேய்ந்தது என்பதைத்தானே நான் போட உட்கார்ந்தேன்.

சீமாற்றைக் கண்ணாடி முன்னால் வைத்து, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்து மறுபடி வரையப் போகிறேன்.

10 ஜூன்

சட்டையை எட்சிங்கில் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டவருக்கு: ஒன்று பாதியில் நிற்கிறது. ஆண்கள் சட்டைக்குப் பட்டன், உடுத்தினவருக்கு வலப்பக்கம். நேரே பார்த்து வரைந்தால் அச்சில் அது பெண்கள் சட்டையாகிவிடும். அழுத்திப் பதிக்கலாம் என்றால் பட்டன் உருளைக்கடியில் போனால் தகடு பள்ளமாகும், கம்பளமும் கிழியும். பட்டனைக் கழற்றிவிட்டுத் துணியை அழுத்தி, பட்டனை மட்டும் ஊசியால் திருப்பி வரையணும்.

18 ஜூன்

துடைக்கும் துணி எது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆகணும்.

மை தடவின தகட்டைத் துடைப்பதற்கென்று கஞ்சி ஏறி முறுமுறுவென்று இருக்கும் வலைத்துணி வரும். வெளியூரிலிருந்து வரவழைக்கணும், விலையும் அதிகம். நான் திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு துடைக்கும் துணிக்கு வெளியே அலைவதா என்று பனியன் வேஸ்ட்டை எடுத்தேன். லேத்திலும் பம்பு கம்பெனியிலும் ஒர்க்ஷாப்பிலும் எண்ணெய் துடைப்பது எல்லாம் அதுதானே. கிலோக்கணக்கில் வாங்கி மூட்டையாக வைத்துக்கொண்டேன். ஒரு மாதம் அடித்த அச்செல்லாம் வெளிறிப்போய், கோடு கோடாக இல்லாமல் சாம்பல் பூத்து வந்தது. மையைக் குறை சொன்னேன், தாளைக் குறை சொன்னேன், கடிகாரத்தை வைத்துக்கொண்டு கரைசலில் ஊறின நேரத்தைக் குறை சொன்னேன். காரணம் துணிதான். பனியன் துணி மெத்தென்று இருக்கிறது, வியர்வை உறிஞ்சுவதற்கென்றே பின்னினது. பள்ளத்துக்குள் இறங்கி மையையும் உறிஞ்சிவிட்டது. விறைப்பான துணி மேற்பரப்பை மட்டும் தடவிக்கொண்டு போகும், பள்ளத்துக்குள் இறங்காது.

இப்போது மல் துணியை வாங்கி நானே சோற்றுக்கஞ்சி போட்டுக் காயவைத்து, கசக்கி, விறைப்பைப் பாதியாகக் குறைத்து வைத்துக்கொள்கிறேன். கடைசித் துடைப்பு உள்ளங்கையால். உள்ளங்கையில் கொஞ்சம் சாக்பீஸ் பொடி.

வேஸ்ட் மூட்டை வீணாகவில்லை. வெள்ளைக் காட்டன் கட்டிங் வேஸ்ட்டைக் கூழாக்கித்தான் கைத்தாள் செய்கிறார்கள். நான் அச்சடிக்கும் தாளில் பாதி அப்படி வந்ததுதான். வெட்டின துண்டு தாளாகி, அந்தத் தாளில் பனியன் தடம் பதிகிறது. முதல் தரம் இது மனதில் பட்டபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

6 ஜூலை

மிஷின் எங்கே வாங்கினேன் என்று கேட்டவருக்கு. வாங்கவில்லை. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லேத்தில் படம் போட்டுக் கொடுத்துச் செய்தேன். மேலே ஒரு உருளை, கீழே ஒரு உருளை, நடுவில் நகரும் இரும்புப் பலகை, பக்கத்துக்கு ஒரு திருகு. கரும்பாலை தெரிந்த ஊரில் இதை விளக்குவது ஒன்றும் கஷ்டமில்லை. செய்தவர் முதல் அச்சு எடுத்தபோது கூடவே நின்றார். தாளைத் தூக்கிக் காட்டினதும், “இவ்ளோ பெரிய உருளையப் போட்டு இவ்ளோ மெல்லிசு கோடு எடுக்கறீங்ளா, பரவால்லீங்க்கா” என்றார்.

கம்பளம்தான் சங்கடம். தாளுக்கும் உருளைக்கும் நடுவில் கம்பளி விரிக்கணும், அதுதான் தாளைப் பள்ளத்துக்குள் அழுத்தி மையை வாங்க வைக்கும். நம்ம பக்கத்துக் குறும்பாட்டுக் கம்பளி கையில் இருந்தது, ஆசையாக அதை விரித்தேன். தாளில் கம்பளியின் பாவும் ஊடையும் அப்படியே மேடும் பள்ளமுமாக விழுந்தது. அப்பா பனியன்மேல் கம்பளி நெசவு! பாவும் ஊடையும் தெரிகிற கம்பளி இதற்கு ஆகாது. மயிரை அழுத்தித் திரட்டின ஃபெல்ட் (felt) வேண்டும்.

அந்தக் கெட்டுப்போன தாளைத் தூக்கிப் போடவில்லை. விளக்குக்குச் சாய்வாகப் பிடித்தால் இரண்டு துணியும் தெரிகிறது.

24 ஜூலை

ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிளம்பி வந்து தகரத்தைத் தூக்குகிறது. தூக்குப்போசி தகடு நேற்று இரண்டாவது தரமும் கெட்டது.

போசியின் வயிற்றில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகிறதே, அந்த இருட்டும் வெளிச்சமும் கோட்டால் வராது. பிசினைத் தூளாக்கி, தகட்டில் தூசி மாதிரிப் படியவிட்டு, அடியில் சூடு காட்டினால் ஒவ்வொரு துகளும் உருகி ஒட்டும். கரைசல் துகளுக்கு நடுவில் தின்னும், அது அச்சில் சாம்பல் நிறமாக வரும். எவ்வளவு நேரம் தின்கிறதோ அவ்வளவு கறுப்பு. தூசி ஒரே சீராகப் படியணும், அதற்குக் காற்று அசையக்கூடாது. நான் சன்னலைச் சாத்தினேன், ஓட்டு இடுக்கை அடைக்க மறந்தேன். போசியின் ஒரு பக்கம் புழுதிக்காற்றில் நின்றாற்போல வந்திருக்கிறது. மூடின மரப்பெட்டி ஒன்று செய்துகொள்ளணும். அதுவரைக்கும் புரட்டாசி வந்தால்தான் இந்த வேலை.

4 ஆகஸ்ட்

நேற்று ஆடிப்பதினெட்டு. ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) வந்திருந்தார்கள். பெரிய சமையல், அதனால் பரண்மேல் இருந்த பாத்திரமெல்லாம் இறங்கினது. எல்லாரும் போன பிறகு கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் குண்டா ஒன்றின் விளிம்பில் பேர் வெட்டியிருந்ததைப் பார்த்தேன். “தாய்மாமன் சீர் 1988.” எனக்குச் சீர் செய்தபோது மாமன் கொண்டுவந்தது. கடைக்காரர் கையில் ஒரு மிஷினைப் பிடித்துக்கொண்டு ர்ர்ர் என்று புள்ளிப் புள்ளியாக வெட்டுவாரே, அந்த எழுத்து.

நம்ம வீட்டில் எல்லாப் பாத்திரமும் அச்சுத்தகடுதான் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்டின கோட்டில் மை நிற்கும், தாள் அதை வாங்கும். ராத்திரி பத்து மணிக்கு விளிம்பில் மை தேய்த்து, கஞ்சித்துணியால் துடைத்து, ஈரத்தாளை வளைத்து ஒட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்தேன். வந்தது. புள்ளி ஒவ்வொன்றும் கறுப்பாக, ‘சீர்’ என்பதில் ரகரத்துக் காலிடத்தில் அவர் கை நடுங்கினதுகூட அப்படியே. எழுத்து திரும்பித்தான் வந்தது. தாளின் பின்பக்கத்தை விளக்கில் காட்டினதும் அம்மா படித்துவிட்டு, மாமன் அந்த வருஷம் மஞ்சளுக்கு நல்ல விலை கிடைத்ததைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

இதில் ஒரு வரலாறும் இருக்கிறது. ஐரோப்பாவில் தகட்டை ஆசிட்டால் அரிப்பது முதலில் படமெடுக்க வந்ததில்லை. போர்க்கவசத்தில் பூவேலை செய்வதற்கு இருந்த முறை அது. ஆக்ஸ்பர்க் ஊரில் டேனியல் ஹோப்ஃபர் என்கிற கவச வேலைக்காரர் 1500 வாக்கில் அதே முறையில் இரும்புத்தகட்டைப் போட்டுத் தாளில் அச்செடுத்தார். உலோகச் சாமான் செய்கிற கையிலிருந்துதான் இது தாளுக்கு வந்தது. நான் செப்புத்தகடு வாங்குவது அனுப்பர்பாளையத்தில். அங்கே பாத்திரம் அடிக்கிற பெரியவர் ஒருவர் தகட்டைத் தட்டிப் பார்த்துச் சத்தத்திலேயே கனம் சொல்லுவார். என்னத்துக்குங்க தகடு என்று கேட்டார், சொன்னேன். “போசி செய்யாம போசியோட படம் செய்யறீங்ளா கண்ணு” என்று சிரித்துவிட்டு, கீறல் இல்லாத துண்டாகத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

19 ஆகஸ்ட்

கோயம்புத்தூரில் ஓவியம் படிக்கிற தம்பி ஒருவர் ஜிம் டைன் பற்றி எழுதியிருக்கிறார். அமெரிக்கர், 1935இல் சின்சினாட்டியில் பிறந்தவர், தாத்தா இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். சுத்தி, குறடு, பெயின்ட் பிரஷ் என்று அந்தச் சாமான்களையே வாழ்நாள் முழுக்கப் போட்டிருக்கிறார். குளியல் அங்கியையும் அப்படித்தான். 1964இல் பேப்பரில் வந்த ஒரு விளம்பரம், அங்கி மட்டும் நிற்கிறது, உள்ளே ஆள் இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து அங்கியைத் தன் உருவப்படம் மாதிரியே போட ஆரம்பித்தார்.

தம்பி அனுப்பின படங்களை ஒரு வாரம் பார்த்தேன். பார்த்த பிறகு ஜூன் 4இல் நான் எழுதினது உறுத்துகிறது. கைக்கோடு ஒன்றுகூட இல்லை என்று பெருமையாக எழுதியிருந்தேன். அந்த அங்கியில் ஆள் இல்லை, ஆனால் தோள் இருக்கிறது, இடுப்பு இருக்கிறது, கை மடங்கி நிற்கிற நிற்பு இருக்கிறது. என் பனியனில் நூல் இருக்கிறது, தேய்வு இருக்கிறது, அப்பா இல்லை. உருளைக்கடியில் போன துணி தட்டையாகிவிடுகிறது. உடம்பு போட்டுப் போட்டுத் துணிக்கு வந்த தொய்வு, முதுகில் இருந்த கூன், எல்லாம் அங்கேயே நசுங்கிப்போகிறது. ஹாலர் மஃபைத் தகட்டில் வைத்து அழுத்தியிருந்தால் அதற்குள் கை போன சூடு வந்திருக்காது.

அழுத்தினது பொய் என்று சொல்லவில்லை. அது முழுசு என்று நினைத்ததுதான் தப்பு.

15 செப்டம்பர்

பனியனை ஆணியில் மாட்டி ஊசியால் வரைந்துகொண்டிருக்கிறேன். மூன்று வாரமாகிறது. ஆசாரத்துச் (வீட்டுக் கூடத்து) சுவரில் அப்பா மாட்டும் அதே ஆணி. எதிரே கண்ணாடி, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்து வரைகிறேன், இந்தத் தரம் தோள் மாறாது.

ஆணியில் தொங்கும்போது இடது பக்கம் வலது பக்கத்தைவிட இரண்டு விரல்கடை கீழே இறங்குகிறது. தட்டையாக விரித்தால் இது தெரியாது. அடியில் உள்ள மடிப்பு ஓரம் உள்பக்கமாகச் சுருண்டிருக்கிறது, வேட்டிக்குள் செருகினதால். காலையில் ஒரு நிழல், மாலையில் ஒரு நிழல் என்பதால் தினமும் ஏழிலிருந்து எட்டரை வரைக்கும் மட்டும் வரைகிறேன். ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவு நகர்ந்தால் பெரிது.

சீமாறு முடிந்துவிட்டது. இப்போது அமுச்சி வலதுகையால் கூட்டுகிறார்.

22 செப்டம்பர்

இரண்டு பனியன் அச்சையும் அம்மாவிடம் காட்டினேன். இதை இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அம்மா செக்கிங்கில் பத்தொன்பது வருஷம் நின்றவர். ஒரு பீஸைக் கையில் எடுத்தால் கழுத்து, தோள், அக்குள், பக்கவாட்டு, அடிமடிப்பு என்று கண் ஒரே வழியில்தான் ஓடும், குறை கண்ட இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அச்சையும் அப்படித்தான் பார்த்தார். வரைந்த படத்தில் விரல் எங்கேயும் நிற்கவில்லை. “அப்பாதான்” என்று மட்டும் சொன்னார். அழுத்தின படத்தில் கழுத்து தாண்டி, தோள் தாண்டி, இடது அக்குளுக்குக் கீழே விரல் நின்றது. அங்கே ஓவர்லாக் தையல் ஏணிப்படி மாதிரி ஒழுங்காக வந்துகொண்டே இருந்து, முக்கால் அங்குலத்துக்கு மட்டும் நெருக்கமான, சாய்ந்த, கோணல் தையலாக மாறுகிறது. நான் அதை நூறு தரம் பார்த்திருக்கிறேன், மிஷின் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“இது நான் போட்டது. நைட் ஷிப்ட் போறதுக்கு முன்னாடி, லைட்டு இல்லாம, கைத்தையல்” என்றார்.

என் ஊசியில் அது வரவே இல்லை. வரைந்த படத்தில் அந்த இடத்தில் ஒரு நிழல்தான் இருக்கிறது. ஆகஸ்டில் எழுதினதையும் இனிப் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

இனி அந்தக் காரணம். அழுத்தும்போது மெழுகு துணிக்குப் போகிறது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதோடு நிலக்கீலும் போகிறது. அப்பாவின் பனியன் முன்பக்கம் முழுக்க இப்போது பழுப்புக் கறை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன், பாதி போனது, மீதி போகவில்லை. அழுத்துவதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்கவில்லை. அச்சைப் பார்த்து முடித்த பிறகு பனியன் எங்கே என்று கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். திட்டவில்லை. மடித்து அவர் பெட்டியில் வைத்துக்கொண்டார். என்னிடம் இருந்தது, இப்போது அவரிடம் இருக்கிறது.

7 அக்டோபர்

முதல் கேள்வி கேட்டவர் நேற்று தனியாக எழுதியிருந்தார், இங்கேயே பதில் சொல்லச் சொன்னார். அவர் அப்பாருவின் (தாத்தாவின்) உருமால், அதாவது தலைப்பாகைத் துணி ஒன்று இருக்கிறதாம். சென்னிமலைத் தறியில் நெய்தது, சந்தைக்குப் போகும்போது தலையில் கட்டிக்கொண்டு போனது, அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதை அழுத்தித் தர முடியுமா என்று கேட்கிறார்.

முடியுங்க. ஆனால் செப்டம்பர் 22இல் எழுதினதை ஒரு தரம் படித்துவிட்டு வாருங்கள். கறை விழும், முழுசாகப் போகாது. அறுபது வருஷத்து நூல் உருளையைத் தாங்குமா என்பதும் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் முதலில் வரைகிறேன். வரைந்தால் துணிக்கு ஒன்றும் ஆகாது. முடிச்சுப் போட்ட இடம் இன்னும் சுருக்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சுருக்கம் அழுத்தினால் போய்விடும், ஆகவே அதை எப்படியும் முன்னாடியே வரைந்தாகணும். அழுத்துவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். வீட்டில் உங்கள் ஆத்தா இருக்கிறார் என்றால் அவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

துவைக்காதீர்கள், கஞ்சி போடாதீர்கள், இஸ்திரி கூடவே கூடாது. எப்படி மடிந்து கிடக்கிறதோ அப்படியே ஒரு வேட்டியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். தீபாவளிக்கு முன்னால் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடம் இருக்காது, அது கழிந்து வந்தால் போதும். காலை ஏழு மணிக்கு வந்தால் வெளிச்சம் நன்றாக இருக்கும்.